விரிச்சி என்னுஞ் சொல்: பொருளும் வரலாறும்

அன்பரொருவர் தில்லைத் திருவாதிரைத் தரிசனத்திற்குப் புறப்பட்டு வாயிற்படி கடக்குங்கால், எதிர்மனைத் தாயொருத்தி தெருவிற்கு ஓடுந் தன் சிறு மகனை நோக்கிப் 'போகாதே' என்று விலக்கினள். அச்சொல் தம் செவிப்பட்டமையால் அவர் மூட்டையை அவிழ்த்து வைத்து வீட்டிலேயே இருந்துவிட்டனர். பின்னொரு நாள் என்னைக் கண்டு, "ஐய, சங்கநூல்கள் கூறும் விரிச்சி இதுவன்றோ? பழந்தமிழர் நெறிப்படியே யான் ஒழுகினேன். ஆயினும் தரிசனம் இழந்தமை நெஞ்சை வருத்துகின்றது" என்றனர். அவர் முன்னாளில் என்பாற் பாடங் கேட்ட மாணாக்கருள் ஒருவர். விரிச்சியாவது சகுனம் என்று அவர்க்குப் பொருள் கூறியவனும் யானே. ஒரு சொல்லுக்கு உரைத்த பொருள் ஒருவரது வழிபாட்டைத் தடுத்ததாயின், அச்சொல்லை மீண்டும் ஆராய்தல் உரைத்தவன் கடனாகும். அக்கடன் பற்றியே இக்கட்டுரை எழுந்தது.

விரிச்சி என்பதற்கு இக்காலத்தார் கூறும் பொருள்கள் பெரும்பாலும் மூன்று. சகுனம் என்பார் ஒருசாரார். அசரீரி, அஃதாவது உருவமின்றி வானிலெழும் தெய்வவாக்கு, என்பார் ஒருசாரார். உரையாசிரியர்களைப் பின்பற்றி நற்சொல் என்பார் ஏனையோர். இம்மூன்றும் அச்சொற்பொருளின் எல்லையிற் பொருந்தி நில்லாமை காட்டுவாம்.

முதற்கண் சொல் வழங்கிய இடங்களை நோக்குக. தொல்காப்பியனார் புறத்திணையியலில் வெட்சித்திணைக்குக் கூறிய 14 துறைகளுள், படை எழும் ஆரவாரத்தையடுத்து வைக்கப்பட்டது பாக்கத்து விரிச்சி. நிரைகவரச் செல்லும் மறவர் தம் வினை முடிவினை அறிதற்பொருட்டுப் பிறர்வாய்ச் சொல்லைச் செவியோர்த்தல் அது. பின்னெழுந்த புறப்பொருள் வெண்பாமாலையும் விரிச்சியை வெட்சித் துறையாகவே கொண்டு, இருள் செறியும் மாலைப் பொழுதில் நிகழ்வதாகக் கூறும்.

இந்நிகழ்ச்சியை முழுதும் விளங்கக் காட்டுவது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. உ. வே. சாமிநாதையரவர்கள் 1889 இற் பதிப்பித்த பத்துப்பாட்டினுள் 103 அடியாற் சிறியதாய் நிற்கும் அப்பாட்டிலே, போர்மேற் சென்ற தலைவன் வரவு அறியவேண்டி முதுபெண்டிர் மாலைப்பொழுதில் ஊர்ப்புறம் போகின்றனர். நாழியிற் கொண்ட நெல்லையும் முல்லைமலரையும் தூவிக் கைதொழுது நிற்கின்றனர். ஆங்கே குளிரால் நடுங்கும் ஆய்மகள் ஒருத்தி, கட்டுண்டு அலமரும் கன்றினை நோக்கி, 'கோவலர் பின்னின்று ஓட்ட நும் தாயர் இன்னே வருவர்' என்று தேற்றுகின்றாள். அதனைக் கேட்ட முதுபெண்டிர், தலைவன் பகைவென்று மீள்வது உறுதி எனத் தலைவிக்குக் கூறுகின்றனர்.

இதன்கண் உறுப்புக்கள் நான்கு உள்ளன. கேட்போர் ஒரு வினாவினை உட்கொண்டிருத்தல் ஒன்று. தொழுது நின்று எதிர்பார்த்தல் இரண்டு. அவ்வினாவினை அறியாத ஒருவர் தம் காரியம் பற்றித் தமக்குரியார்க்குச் சொல்லுதல் மூன்று. அச்சொல்லைக் கேட்போர் தம் வினாவோடு பொருத்தி விரித்துக்கொள்ளுதல் நான்கு. இந்நான்கனுள் ஒன்று குறையினும் அது விரிச்சி எனப்படாது.

இனி மூவகைப் பொருளையும் முறையே ஆராய்வாம்.

சகுனம் என்பது வடசொல். அதன் முதற்பொருள் பறவை. பறவையின் வரவும் குரலும் பற்றிப் பயன் குறித்த வழக்கால், பின்னர் அது குறிகள் பலவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் புள் என்னுஞ் சொல்லும் இவ்வாறே பறவையையும் பறவையாற் கொள்ளுங் குறியையும் உணர்த்தும். ஆகலின் சகுனம் என்பதற்கு நேர்தமிழ் புள் என்பதேயன்றி விரிச்சி அன்று. குறுந்தொகை 218 ஆம் பாட்டில் தலைவி, 'சூலிக்கு நேர்கடன் கொள்ளேம், கையில் நூல் கட்டேம், புள்ளும் நோக்கேம், விரிச்சிக்கும் நில்லேம்' என்னுங் கருத்துப்படக் கூறுகின்றாள். புள்ளும் விரிச்சியும் ஒன்றாயின் அவற்றை வேறு வேறெண்ணுதல் மிகையாம். கலித்தொகை 11 ஆம் பாட்டிற் பல்லி இசைத்தலும் தலைவியின் இடக்கண் ஆடுதலும் கூறப்பட்டன. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவின் இறுதியிற் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடித்தன. கொலைக்களக் காதையிற் கோவலன்முன் ஏறு பாய வந்தது. இவையெல்லாம் குறிகளே. ஆயினும் இவற்றுள் ஒன்றையேனும் புலவர் விரிச்சி என்றிலர். பல்லியும் கண்ணும் ஏறும் நாம் நின்று கேளாமலே தாமே நேர்வன. விரிச்சியோ ஒருவர் நின்று கேட்பது. அதனாலன்றோ நிற்றல், ஓர்த்தல் என்னும் வினைகளோடு அச்சொல் வழங்குவதாயிற்று? நற்றிணை 40 ஆம் பாட்டில், புதல்வன் பிறந்த மனையில் ஒருசார் மகளிர் விரிச்சி நிற்றல் கூறப்பட்டமையும் காண்க.

அற்றேல், அசரீரி என்பதற்கு வரும் இழுக்கு என்னையெனின், கூறுதும். அசரீரியிற் பேசுவோன் இறைவன். அவன் கேட்போனை அறிந்து அவனை நோக்கியே பேசுகின்றான். திருவெண்ணெய்நல்லூரில் நம்பியாரூரர் கேட்டது அத்தகைய வாக்கு. விரிச்சியிற் பேசுவோள் ஓர் ஆய்மகள். அவள் முதுபெண்டிரை அறியாள், தலைவியையும் அறியாள். அவள் நினைவெல்லாம் கன்றின்மேலது. அவ்வறியாமையே விரிச்சிக்கு உயிராம். அவள் அறிந்து சொல்லியிருப்பின் அஃது ஆறுதல் மொழியாய்விடும்.

வடநூலார் உபசுருதி என்று கூறுவதே இதனோடு ஒப்பது. இரவிற் புறம்போந்து கேட்கப்படும் நன்மை தீமை காட்டுஞ் சொல்லே உபசுருதி எனவும், அது தெய்வத்தினிடத்து வினாவும் வினா எனவும் ஆராவளி என்னும் நிகண்டு கூறும். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் உபசுருதி ஒரு தேவியாகவே தோன்றி, மறைந்துறைந்த இந்திரனை இந்திராணிக்குக் காட்டுகின்றாள். இருமொழியாளரும் இவ்வழக்கினைத் தனிப்பெயரிட்டுப் பிரித்தமையால், பொதுப்பெயரால் உரைத்தொழிதல் பொருந்தாமை அறியப்படும்.

இனி நற்சொல் என்பது. இது பேராசிரியர்கள் கொண்ட பொருளாகலின் அஞ்சியே ஆராயற்பாலது. புறநானூறு 280 ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், புண்பட்டுக் கிடக்கும் வீரன் மனையில் நேர்ந்த தீக்குறிகளைத் தொகுத்துரைக்கின்றார். விளக்குகள் நில்லாது அவிகின்றன, கூகைக்குரல் அச்சந் தருகின்றது. நெல்லும் நீரும் தூவி விரிச்சியோர்த்த முதுபெண்டின் சொல்லும் நிரம்பாதாயிற்று. விரிச்சி என்பதே நற்சொல்லாயின் அது நிரம்பாமை யாங்ஙனம்? முல்லைப்பாட்டினும், கேட்ட சொல்லை வாய்ப்புள் என்று பெயரிட்டு, அதனை நல்லதென அடைகொடுத்து விதந்தோதினார் புலவர். வாய்ப்புள்ளாவது வாய்ச்சொல்லாகிய குறி. இயல்பாகவே நன்றாயின் அடைமொழி வேண்டா. ஆகலின், உரையாசிரியர் நற்சொல் என்றது கேட்போர் விரும்பி நிற்கும் பயன்பற்றிக் கூறியதென்றும், சொல்லின் எல்லை நன்று தீது இரண்டற்கும் பொதுவென்றும் கொள்ளின், அவர் உரைக்கும் இழுக்கின்று, பாட்டிற்கும் முரணின்று.

விரிச்சி, 'விரி' என்னும் பகுதியடியாக உணர்ச்சி, வளர்ச்சி என்பனபோல வந்த பெயர் என்பது என் துணிபு. ஆய்மகள் சொல்லியது கன்றிற்குரிய சிறுசொல். அதனைத் தலைவன் வரவாக விரித்துக் கொண்டோர் முதுபெண்டிர். அவ்விரிவே சொற்குப் பொருளாம் எனத் தோன்றுகின்றது. பிரமனைக் குறிக்கும் விரிஞ்சன், விரிஞ்சி என்னும் வடசொற்கள் ஒலியளவில் ஒத்தனவேயன்றி ஈண்டைக்கு இயைபுடையன அல்ல.

இங்ஙனம் சொல் தெளிந்தவழி, சைவநூல் பயில்வார்க்கு வேண்டப்படும் வேறொரு தெளிவும் உண்டாம். குறிகளை நிமித்தம் என்றும் வழங்குவர். நிமித்தம் என்னுஞ் சொற்குச் சித்தாந்தத்தில் வேறொரு நிலையுண்டு. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், இறைவன் நிமித்தகாரணமும் ஆவர். ஒருசொல் ஈரிடத்தும் வழங்குதலால், குறியாகிய நிமித்தத்தையும் காரணமாகிய நிமித்தத்தையும் மயங்கவைத்து, பல்லி சொல்லிற்றாதலின் தீங்கு வந்தது என்பார் பலராயினர். அணிநூலார் ஏதுவைக் காரகம், ஞாபகம் என இரண்டாக்குவர். செய்விப்பது காரகவேது. அறிவிப்பது ஞாபகவேது. புகை நெருப்பை அறிவிக்குமேயன்றி உண்டாக்காது. விரிச்சியும் புள்ளும் ஒருகால் மெய்யே ஆயினும் ஞாபகவேதுவாதற்கு மேற்செல்லா. இன்பதுன்பங்கள் அவரவர் வினைக்கீடாக இறைவன் கூட்டுவிப்ப வருவன. அவன் நிற்கும் இடத்திற் பல்லியை நிறுத்துதல் சைவர்க்கு அடாது.

குறிகளை நம் ஆசிரியர்கள் அறியாதாரல்லர். திண்ணனார் வேட்டைமேற் சென்று மீளுங்கால் தீய புட்குறிகளைக் கண்டனர் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அவை குருதியைக் குறிப்பன என்று உணர்ந்த திண்ணனார், தமக்கு யாது நேருமோ என்று நின்றாரல்லர். ஐயனுக்கு யாது நேர்ந்ததோ என்று விரைந்து ஓடினர். ஒருவனை மனையிற் புகுத்தும் அதே குறி அவரைத் திருக்காளத்தியப்பர் திருமுன் செலுத்திற்று. திருமறைக்காட்டிலே கோள்நிலை நன்றன்றென்று திருநாவுக்கரசர் அன்பினால் தடுத்தவழி, திருஞானசம்பந்தர் கோளறு திருப்பதிகம் 11 பாடல்களால் அருளிப் பாண்டிநாட்டிற்கு எழுந்தருளினர். அப்பதிகம் நாளும் கோளும் இல்லையென்று கூறவந்ததன்று. இறைவனை உள்ளத்து உடையார்க்கு அவை நல்லனவாம் என்று கூறவந்தது.

விரிச்சியோடு ஒருபுடை ஒப்பது நம் சமயத்தில் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தலாம். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்த, அவர்தம் குருவாகிய சகலாகமபண்டிதர் திருமுறையிற் கயிறு சாத்தச் செய்தனர். ஆளுடையபிள்ளையார் அருளிய திருவெண்காட்டுத் திருப்பதிகத்தின் இரண்டாம் பாடல் எதிர்ப்பட்டது. இஃது மெய்கண்டதேவர் திருவவதார வரலாறு. ஈண்டும் வினா உண்டு, வழிபாடு உண்டு, தாமே தேராது நேர்பட்ட சொல் உண்டு. ஆயின் சொல் ஆய்மகள் சொல்லன்று, அருட்சொல். பின்னர் நிகழ்ந்ததையும் நோக்குக. களப்பாளர் பாடல் வந்ததென்று மகிழ்ந்து மனையில் இருந்தாரல்லர். வெண்காடு சென்று முக்குளம் படிந்து வழிபட்டனர். சுவேதவனப்பெருமாள் என்னுந் திருப்பெயரோடு பிறந்த பிள்ளையாரே சிவஞானபோதம் அருளினர். சகலாகமபண்டிதர் தாமே அவர்க்கு மாணாக்கராய் அருணந்தி சிவம் ஆயினர். கேட்ட சொல் வழிபாட்டிற்கு வாயிலாயிற்றேயன்றித் தடையாயிற்றில்லை.

முல்லைப்பாட்டுத் தலைவியும் இதற்குச் சான்றாவள். முதுபெண்டிர் விரிச்சியைப் பலகாற் காட்டவும் அவள் கண்ணீர் நின்றிலது. தலைவன் வந்தாலன்றி அவள் துயர் தீராது. சொல் வரவினை அறிவிக்கும். வரவு ஆகாது.

இனி அன்பர் வினாவிற்கு விடை. நீவிர் வினாவொன்று கொண்டு தொழுது நின்றீரல்லீர். அத்தாயும் நும்மை நோக்கிச் சொல்லினாளல்லள். கேட்க நில்லாதார் செவியில் வழியே விழுந்த சொல் விரிச்சி அன்று. அதனைச் சங்கநெறி என்று கொண்டது என் பழைய உரையின் குற்றம். நும் குற்றம் அன்று. ஒருகால் அது குறியேயெனினும், கண்ணப்பர் கண்ட குறியினுந் தீயதன்று. அக்குறி கண்டும் அவர் ஓடியது திருமுன்னரேயாம்.

வருகின்ற திருவாதிரைக்கு யானும் உடன்வருவேன் என்று அவர்க்குச் சொல்லியிருக்கின்றேன். வாயிலில் எச்சொல் கேட்பினும் திரும்பாமை இருவர்க்கும் உடன்பாடு.

திருச்சிற்றம்பலம்.