மாதிரிக் கார்களின் சம்பிரதாயங்கள்

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, சங்கீத சபை மலர்களிலே வித்வான்களின் பாணிகளைத் தரம் பிரித்து எழுதுவார்களே, அந்தத் தோரணையில் மாதிரிக் கார்களைப் பற்றி எழுதட்டுமா என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தபோது, சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தோன்றியது. உள்ளங்கையில் அடங்கும் இந்தத் துத்தநாகச் சிருஷ்டிகளுக்கும் மூலபுருஷர்கள் உண்டு. சிஷ்ய பரம்பரை உண்டு. ஒரு பாணிக்காரர் மற்றொரு பாணிக்காரரின் சரக்கைத் தொடவும் கூசுகிற வைராக்கியம் உண்டு. எது உயர்ந்தது என்பதில் இரண்டு ரசிகர்கள் ஒத்துப் போனதை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் பிரமாணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நிஜக் காரில் நாற்பத்து மூன்று அங்குலம் இருப்பது மாதிரியில் ஓர் அங்குலமாக இருந்தால் அதை 1:43 என்கிறோம். நாற்பதாகவோ ஐம்பதாகவோ இல்லாமல் இதென்ன நாற்பத்து மூன்று என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுண்டு. இது கார்க்காரர்கள் வகுத்த கணக்கே அல்ல. பொம்மை ரயில்காரர்களிடமிருந்து சீதனமாக வந்தது. இங்கிலாந்தில் ‘ஓ’ கேஜ் ரயில் பொம்மைகளை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்து வந்தார்கள். அந்த ரயில் நிலையத்தின் வாசலில் நிறுத்துவதற்கு ஒரு கார் தேவைப்பட்டது. வகுத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்றரை வருகிறது. அரையைத் தள்ளிவிட்டு உலகம் மீதியைச் சாஸ்திரமாக ஏற்றுக்கொண்டது. இப்படியே 1:24 என்பது அடிக்கு அரை அங்குலம். 1:87 என்பது ‘ஓ’ கேஜில் பாதியான ‘எச்.ஓ’ ரயிலின் கணக்கு. 4.3 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1:43இல் 10 சென்டிமீட்டராகவும், 1:18இல் ஏறக்குறைய 24 சென்டிமீட்டராகவும், 1:64இல் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் அமையும்.

நம் வீட்டு நவராத்திரிக் கொலுவில் இந்தத் தொல்லை கிடையாது. மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, பூங்கா கட்டி, அதில் ஒரு சாலை போட்டு, அகப்பட்ட பொம்மைக் கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்துவோம்; எதிரே தராசோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரின் முழங்காலுக்குக்கூட அந்தக் கார்கள் எட்டாது. செட்டியாருக்கு அதனால் கௌரவக் குறைவும் இல்லை, காருக்கும் இல்லை. சேகரிப்பவன் பிறப்பது, இந்தக் காட்சியைப் பார்த்து என்றைக்கு ஒருவனுக்கு மனசு உறுத்த ஆரம்பிக்கிறதோ அன்றைக்குத்தான்.

ஆனால் பிரமாணம் ஒன்றே போதும் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பெரிய வழக்கு உண்டு. நிஜக் காரின் கதவுக்கும் உடலுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், 1:43இல் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். அதன்மேல் ஒரு பூச்சு வர்ணம் அடித்தால் இடுக்கே தூர்ந்து போகும். வர்ணமோ சுருங்குவதே இல்லை. அதில் மினுங்குகிற உலோகத் துகள்கள் நிஜக் காரில் மணலாகத் தெரிந்தால் மாதிரியில் கூழாங்கல்லாகத் தெரியும். ஆகவே மாதிரி செய்பவன் எங்கேயாவது பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். தாளமானம் கற்ற ஸ்தபதிக்கு அளவுகள் எல்லாம் சரியாக அமைந்த பிறகும் முகத்தில் களை வருவது தனி விஷயமாக இருப்பதுபோல, இங்கேயும் எந்த இடத்தில் பொய் சொல்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது. பாணிகள் பிரிவதும் அந்த இடத்திலேதான்.

லிவர்பூல் பாணியை ஆதி பாணி என்று கொள்வதில் தவறில்லை. சிகாகோவில் டூட்ஸிடாய்க்காரர்கள் அதற்கு முன்பே வார்ப்புக் கார்களைச் செய்து வந்தது உண்மையே. எனினும் சம்பிரதாயம் என்று ஒன்றை நிறுவியவர் மெக்கானோ நிறுவனத்தின் ஃப்ராங்க் ஹார்ன்பிதான். 1933ஆம் வருஷக் கடைசியில் அவருடைய பின்ஸ் ரோடு தொழிற்சாலை, ரயில் பொம்மைகளுக்குத் துணையாக ஆறு வாகனங்களை வெளியிட்டது. மறுவருஷம் அவற்றுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று நாமகரணம் நடந்தது. பழைய டிங்கிக் கார்களுக்கு ஜன்னல் கண்ணாடி இல்லை. உள்ளே ஆசனம் இல்லை. அடியில் ஒரு தகரத் தகடு, நான்கு சக்கரங்கள், கெட்டியான ஒரே பூச்சு, அவ்வளவுதான். ஆயினும் கூரையின் வளைவையும், மட்கார்டின் சரிவையும், வண்டி தரையில் உட்கார்ந்திருக்கும் பாங்கையும் பார்த்தால் ஒரு கஜ தூரத்திலிருந்தே இன்ன வண்டி என்று சொல்லிவிடலாம். பிருகாவே போடாமல் ராகத்தை நிறுத்திக் காட்டுகிற பழைய வித்வானின் காரியம் அது.

அவர்களுக்கு எதிர்க்கச்சேரி 1956இல் ஸ்வான்ஸீ நகரில் தொடங்கியது. நியூரம்பெர்க்கில் பொம்மைத் தொழில் நடத்தி, நாஜிகளின் ஆட்சி வந்ததும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த ஃபிலிப் உல்மான் என்பவரின் மெட்டாய் நிறுவனம், ‘கார்கி’ என்ற பெயரில் ஜன்னல் கண்ணாடி பொருத்திய கார்களை விற்க ஆரம்பித்தது. லிவர்பூல்காரர்களும் இரண்டு வருஷத்துக்குள் கண்ணாடி மாட்டிக்கொள்ள நேர்ந்தது. அப்புறம் ஸ்பிரிங், திறக்கும் பானெட், ரத்தினக்கல் விளக்கு என்று ஸ்வரப் பிரஸ்தாரம் நீண்டுகொண்டே போயிற்று. அதன் சிகரம் 1965 அக்டோபரில் வந்த ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5. கூரை திறந்து ஆளைத் தூக்கி எறியும் அந்த வண்டி சினிமாவில் வெள்ளி நிறம். கார்கிக்காரர்களோ அதற்குத் தங்க நிறம் பூசினார்கள். வெள்ளி பூசினால் வர்ணமே அடிக்காத வெறும் உலோகம்போல் தோன்றும் என்பதுதான் காரணம். அளவுகோல் பிடிக்கிறவர்கள் இதை அபசாரம் என்பார்கள். நான் அதைச் சமயோசிதமான பொய் என்பேன்.

லண்டனில் இதே காலத்தில் லெஸ்னி என்று ஒரு சிறு நிறுவனம் இருந்தது. 1953ஆம் வருஷ முடிசூட்டு விழாவை ஒட்டி அவர்கள் செய்த சிறிய ராஜரதம் பத்து லக்ஷத்துக்கு மேல் விற்றதில்தான் அதற்கு முதல் வந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமானைத் தவிர வேறு பொம்மையைக் கொண்டுவரக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சட்டம் இருந்ததால், அதன் பங்காளி ஜாக் ஓடெல் தம் மகளுக்காக ஒரு சாலை உருளை இயந்திரத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் செய்து கொடுத்தார். ‘மேட்ச்பாக்ஸ்’ என்ற பெயரும் வம்சமும் அதிலிருந்து உற்பத்தியாயின. இங்கே பிரமாணத்தை நிர்ணயித்தது பெட்டிதான். பஸ்ஸும் காரும் ஒரே நீளத்தில் இருப்பதைச் சகித்துக்கொண்டால், அந்த முதல் பதினைந்து வருஷத்துச் சரக்கில் குறை சொல்ல அதிகம் இல்லை.

1968இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் ‘ஹாட் வீல்ஸ்’ கார்களைக் கொண்டுவந்தபோது ஒரு பிரளயமே நிகழ்ந்தது என்று சொல்ல வேண்டும். மெல்லிய கம்பி அச்சில் சுழலும் அந்தச் சக்கரங்கள் ஒரு தட்டுக்கு அறையின் மறுகோடி வரை ஓடின. மேட்ச்பாக்ஸ்காரர்கள் மறு வருஷமே தங்கள் சக்கரங்களையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. பந்தயக் காருக்கு அகலமான சக்கரம் அழகு. ரோல்ஸ் ராய்ஸுக்கும் அதையே மாட்டியது, பெரிய குருக்களுக்கு ஓட்டப் பந்தயச் செருப்பு மாட்டியது போலத்தான் இருந்தது. ஜப்பானின் ‘டோமிகா’ 1970இல் இந்தக் களத்துக்கு வந்தது. பெட்டிக்கு ஏற்ற அளவுதான் அதற்கும். ஆனால் ஒவ்வொரு வண்டியின் அடியிலும் அதன் அளவு விகிதத்தைப் பொறித்துவிடுகிற யோக்கியதையை நான் மெச்சுகிறேன்.

ஐரோப்பாக் கண்டத்தைச் சுருக்கமாகவே தாண்டிவிடுகிறேன். ஃபிரான்ஸின் ஸாலிடோவும் நோரெவும், ஜெர்மனியில் 1:87 பிளாஸ்டிக்கில் நுணுக்கம் காட்டிய வீக்கிங்கும் தனித்தனிக் கட்டுரைக்குரியவை. இத்தாலியின் புராகோ, 1:18 அளவைச் சாமான்யர் கைக்கு எட்டும்படி செய்தது. நடு வயதிலுள்ள அநேக சேகரிப்பாளர்களின் முதல் பெரிய கார் அதுவாகவே இருக்கும். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மாடல்களில் ஜப்பானின் டமியாவுக்கு ஈடில்லை. போர்ஷே 911ஐச் சரியாகச் செய்ய வேண்டுமென்று நிஜப் போர்ஷே ஒன்றையே வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர்கள் அவர்கள்.

இன்றைய பெரிய விவகாரம், கதவு திறக்க வேண்டுமா கூடாதா என்பது. ஜெர்மனியின் சி.எம்.சி. போன்றவர்கள் 1:18 அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கையால் கோத்து, பானெட்டைத் தூக்கினால் எஞ்சினின் குழாய்கள்கூடத் தனித்தனியே தெரியும்படி செய்கிறார்கள். எதிர்க்கட்சியினர் ரெஸின் என்ற பிசினில் உடலை ஒரே வார்ப்பாக வார்த்து, ஒன்றுமே திறவாதபடி மூடிவிடுகிறார்கள். கீல் வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால் இடுக்குகள் மயிரிழையாக இருக்கின்றன, உருவமும் கெடுவதில்லை. நான் வெகுகாலம் திறப்பு மதத்தைச் சேர்ந்தவனாக இருந்து, இப்போது மூடிய மதத்துக்கு மாறியவன். என் அலமாரியில் உள்ள திறக்கும் கார்களின் கதவை நான் கடைசியாகத் திறந்தது எப்போது என்று என்னையே கேட்டுக்கொண்டதன் பலன் அது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. துத்தநாகத்தோடு அலுமினியமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த கலவையில்தான் இவை வார்க்கப்படுகின்றன. அதில் ஈயம் அற்ப அளவு கலந்துவிட்டாலும் பல வருஷங்கள் கழித்து உலோகம் உப்பி, வெடித்து, மாவாக உதிரும். யுத்தத்துக்கு முந்திய டிங்கிகளில் அநேகம் இப்படியே மாண்டன. இதற்கு மருந்து கிடையாது. வர்ணம் உரிந்த பழைய வண்டிக்குப் புது வர்ணம் அடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சேகரிப்பாளர் மத்தியில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. குழந்தை விளையாடித் தேய்ந்த தேய்வுக்கு ஒரு விலை உண்டு, நம் தூரிகைக்கு இல்லை.

நிஜக் கார்க் கம்பெனிகளைப் பற்றிய என் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இந்த அலமாரியில் உண்டானவையே என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவற்றில் பல வண்டிகளை நான் ஓட்டியதில்லை, சிலவற்றைக் கண்ணால் கண்டதும் இல்லை. சிறிதாக்குவது ஒரு காருக்கு வைக்கிற பரீட்சை. பருமனில் கம்பீரத்தை வைத்திருக்கிற வண்டி அதில் தோற்கும். வடிவத்தில் வைத்திருப்பது தேறும். ரோல்ஸ் ராய்ஸ் 1:43இல் ஒரு கிரில்லும் அதன் பின்னால் ஒரு பெட்டியுமாக நின்றுவிடுகிறது. இஸிகோனிஸ் வடிவமைத்த மினிக் காரோ எந்த அளவுக்குக் குறைத்தாலும் மினியாகவே இருக்கிறது. ஜாகுவார் ஈ டைப்பின் நீண்ட மூக்கு ஒரு மயிரிழை பிசகினாலும் முகம் கோணிவிடுவதால், நல்ல மாதிரி அகப்படுவது அரிது. அதனாலேயே அந்தக் கார்மீது எனக்கு மரியாதை உயர்ந்தது. ஃபெராரிக்கு அபிமானிகள் அதிகம், ஆதலால் மோசமான மாதிரிகளும் அதிகம். எல்லாவற்றிலும் மேலாக நான் வைப்பது 1955இல் பாரிஸில் அறிமுகமான சிட்ரோயன் டி.எஸ். எண்ணெயும் வாயுவும் தாங்குகிற அந்த வண்டி, நிறுத்தி வைத்தால் மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்துவிடும், கிளப்பினால் எழுந்து நிற்கும். ஆகவே அதைச் செய்பவன் ஓடுகிற வண்டியைச் செய்வதா, ஓய்ந்த வண்டியைச் செய்வதா என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்காதவன் செய்த டி.எஸ்ஸை இரண்டு விநாடியில் கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடியவற்றில், 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறும். அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டைக் கார்கியும் செய்தது, டிங்கியும் செய்தது. நிஜ வண்டியில் மூக்கு முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும் விசித்திரம், கார்கியின் கைவரிசைக்கென்றே ஏற்பட்டதுபோல் இருந்தது. டிங்கியின் பழைய அச்சுகள் பிற்காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து ‘நிக்கி’ என்ற பெயரில் பொம்மைகளை ஈன்றதும் இங்கே நினைவுக்கு வருகிறது. வார்ப்பு சற்று முரடு, வர்ணம் சற்றுத் தடிப்பு, ஆனால் இன்று அவற்றைத் தேடி அலைகிறவர்கள் வெளிநாட்டிலும் உண்டு.

அம்பாஸிடரின் கதை வேறு. அதன் தமையனான பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை டிங்கி செய்தது; 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாஸிடரை அந்தப் பெரிய வித்வான்கள் எவரும் தம் நல்ல காலத்தில் பாடவில்லை. உலகத்து டாக்ஸிகளைத் தொகுத்து ஐரோப்பாவில் பகுதி பகுதியாக வெளிவந்த ஒரு வரிசையில்தான் 1:43 அம்பாஸிடர் ஒன்று எனக்கு அகப்பட்டது. கறுப்பு உடல், மஞ்சள் கூரை, சரியாகப் பத்து சென்டிமீட்டர். கூரையின் வளைவு பாந்தமாக வந்திருக்கிறது. பின்புறம் சற்றே தாழ்ந்து, நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதுபோல் நிற்கிறது. முன் சக்கரங்களில் ஒன்று லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடுக்கியால் ஒரு நிமிஷத்தில் நிமிர்த்திவிடலாம் என்று நண்பர் ஒருவர் இடுக்கியோடு வந்தார். நம் சாலைகளில் இருபது வருஷம் ஓடி எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் நின்றவையும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றன என்று சொல்லி, அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.