சந்திரசேகரின் பிற்காலக் கணக்கு

சுப்ரமணியன் சந்திரசேகர் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது 1.4 என்ற எண். சூரியனின் நிறையைப் போல் 1.4 மடங்குக்கு மேல் போன, எரிந்து அடங்கிய வெண்குறு மீனால் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாது. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறிய பத்தொன்பது வயதுப் பையன், கடலில் போகும்போதே அந்தக் கணக்குக்கு வித்திட்டான். 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் எடிங்டன் அதைப் பலர் முன்னிலையில் நையாண்டி செய்தார். 1983-இல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். எனக்கு ஒரு மனக்குறை உண்டு: இளமையில் போட்ட கணக்கைக் கொண்டாடும் வேகத்தில், ஐம்பது வயதுக்கு மேல் அவர் செய்ததை ரசிக்காமலே விட்டுவிட்டோம். அவருடைய உச்சம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று அன்று பெயர் பெற்றிருந்த இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டில் வளர்ந்தவர். அப்பா சி. சுப்ரமணிய அய்யர் ரயில்வேயில் கணக்குத் தணிக்கை அதிகாரி. வயலின் வாசிப்பார், கர்நாடக இசையின் இலக்கணம் பற்றிப் புத்தகம் எழுதியவர். அம்மா சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். தங்கை வித்யா சங்கர் பெயர் பெற்ற வீணைக் கலைஞர். சித்தப்பா சி.வி. ராமன். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படிப்பு. இலக்கணத்தில் கறாரும் அழகில் பிடிவாதமும் ஒருசேர இருந்த குடும்பம் அது. அவருடைய சமன்பாடுகளில் இரண்டும் தெரிகின்றன.

அவர் வேலை செய்த விதமே தனி. ஒரு துறைக்குள் போவார், சில ஆண்டுகள் அதிலேயே கிடப்பார், முழுவதும் தன் கைக்கு வந்ததும் ஒரு பெரிய நூலாக எழுதி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். 1939-இல் விண்மீன்களின் உள்ளமைப்பு, 1950-இல் கதிர்வீச்சுப் பரவல், 1961-இல் பாய்மங்களின் நிலைப்பாடு என்று நூல்கள் வந்தன. அந்த 1961-இன் கடைசியில் சென்னை வந்தார். லஸ் பக்கம் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு, கணித அறிவியல் நிறுவனமாக மலரும் தறுவாயில் இருந்தது. 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கிவைத்தவர் சந்திரசேகர்தான். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அதே ஆண்டு கோடையில் வார்சாவுக்கு அருகே நடந்த பொதுச் சார்பியல் மாநாட்டில், கற்றுக்கொள்ள வந்தவராகப் போய் உட்கார்ந்தார். அந்த வயதில் பலர் தலைமையுரைக்குத்தான் கிளம்புவார்கள். சிகாகோவில் அந்தப் பாடத்தைத் தானே நடத்த ஏற்றுக்கொண்டு, நடத்தி நடத்தியே படித்தார். ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ ஆசிரியர் பொறுப்பை 1952 முதல் 1971 வரை சுமந்துகொண்டேதான் இதெல்லாம்.

முதலில் அவர் கையில் எடுத்தது, இன்று ஈர்ப்பலை ஆய்வின் அடித்தளமாக இருக்கும் ஒரு கணக்கு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பொருள்களுக்கு நேரடியாகத் தீர்த்துவிட முடியாது. நியூட்டனிலிருந்து தொடங்கி, பொருளின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வரும் சிறிய எண்ணின் அடுக்குகளாகத் திருத்தம் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் திருத்தம் இரண்டாம் அடுக்கில். அதை 1965-இல் பாய்மங்களுக்கு முழுமையாக எழுதினார். அடுத்தது நான்காம் அடுக்கில். நுட்குவோடு சேர்ந்து 1969-இல். இந்த இரண்டிலும் ஆற்றல் எங்கும் போய்விடாது. படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினாலும் இயக்கம் இயற்கையாகவே இருக்கும். 1970-இல் எஸ்போசிட்டோவோடு ஐந்தாம் அடுக்குக்கு வந்தார். ஒற்றைப்படை. காலத்தைத் திருப்பினால் அந்த உறுப்பு மட்டும் குறி மாறிவிடும். அதாவது இனி பின்னோக்கி ஓட்ட முடியாது. பொருள்கள் ஆற்றலை இழக்கின்றன, அது ஈர்ப்பலையாக வெளியே போகிறது.

காம்போஜியில் கைசிகி நிஷாதத்தோடு உலவிக்கொண்டிருக்கையில் ‘ஸ நி ப த ஸ’ என்று காகலி நிஷாதம் வந்து விழும்போது சபையில் ஒரு ‘ஆஹா’ எழுமே, அந்த ஐந்தாம் அடுக்கைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் எழுகிறது. வெளியிலிருந்து வந்ததுபோல் தோன்றும், ஆனால் அது இல்லாமல் ராகத்துக்கு அடையாளமே இல்லை. சுற்றும் விண்மீன்கள் உண்மையிலேயே அலைகளால் ஆற்றலை இழக்குமா என்று அறிஞர்களே பல்லாண்டுகள் சண்டையிட்ட கேள்விக்கு, கணக்கின் உள்ளிருந்தே ஒரு பதில் எழுந்து வந்தது. நான்கே ஆண்டுகளில், 1974-இல், ஹல்ஸும் டெய்லரும் ஒன்றையொன்று சுற்றும் இரு நியூட்ரான் விண்மீன்களில் ஒன்றான துடிவிண்மீனைக் கண்டுபிடித்தார்கள். ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றின் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 76 மைக்ரோ விநாடி குறைந்துகொண்டே வருவதைப் பின்னர் அளந்தார்கள். ஆற்றல் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து கருந்துளை. அதைத் தட்டினால் என்ன ஓசை வரும் என்ற கேள்விக்கு முதல் விடை பெங்களூர்க்காரர் சி.வி. விஸ்வேஸ்வராவுடையது. 1970-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் காட்டினார்: கருந்துளை மேல் ஓர் அலையைச் செலுத்தினால், அது தனக்கே உரிய சுருதியில் அதிர்ந்து சட்டென்று அடங்கிவிடும். 1975-இல் சந்திரசேகரும் டெட்வைலரும் அந்தச் சுருதிகளை வரிசையாகக் கணக்கிட்டார்கள்.

அங்கேதான் அவரைப் பிடித்து ஆட்டிய ஒரு விஷயம் வந்தது. சுழலாத கருந்துளையை இரண்டு விதமாகக் கலக்கலாம்: ஒன்று அதைச் சுழற்றப் பார்க்கும் கலக்கம், மற்றது சுழற்றாதது. முதலாவதுக்கு, அலைக்குக் குறுக்கே நிற்கும் தடையைச் சொல்ல ரெஜ்ஜே, வீலர் எழுதிய தடைச் சார்பு, சின்னஞ்சிறு கோவை. இரண்டாவதுக்கு ஜெரில்லி எழுதியது, பார்த்தாலே மலைக்க வைக்கும் பின்னம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் இரண்டிலிருந்தும் வரும் சுருதி ஒன்றே. அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஊடுருவுகிறது என்பதும் ஒன்றே. இது தற்செயலாக இருக்க முடியாது என்று சந்திரசேகர் விடாமல் தோண்டினார். கடைசியில் எழுதிக் காட்டினார்: அடியில் இருப்பது ஒரே ஒரு சார்பு. அதன் வர்க்கத்தில் ஒரு பங்கு, அதிலேயே ஒரு பங்கு, அதன் மாறுவீதத்தில் ஒரு பங்கு, இந்த மூன்றின் கூட்டுதான் தடை. மாறுவீதத்துக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் ஜெரில்லியின் பின்னம் வரும். கழித்தல் குறி போட்டால் ரெஜ்ஜே, வீலருடைய கோவை வரும். அவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

1974-இல் மாரடைப்பு, 1977-இல் இதய அறுவை சிகிச்சை. இரண்டுக்கும் நடுவே, 1976-இல், சுழலும் கருந்துளைக்கருகே (இதற்குக் கெர் கருந்துளை என்று பெயர்) எலக்ட்ரானுக்கான டிராக் சமன்பாட்டை மாறிகள் வாரியாகப் பிரித்துக் காட்டினார். பிறகு கெர் கருந்துளையின் ஈர்ப்புக் கலக்கங்களுக்குள் இறங்கினார். 1983-இல் வந்த ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: இடைப்பட்ட படிகளைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்காக, சுமார் 600 பெரிய தாள்களையும் கூடவே சில நோட்டுகளையும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் வைத்திருக்கிறாராம். அந்த 600 தாளும் அச்சில் சில பக்கங்களாகச் சுருங்கிவிட்டன.

இத்தனை கைக்கணக்கு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. டூகோல்ஸ்கி 1970-களின் தொடக்கத்திலேயே குறுக்குவழி ஒன்றை வகுத்துவிட்டார். வேலையை முடிப்பதுதான் குறி என்றால் அந்த வழியே போதும். சந்திரசேகரோ சமன்பாடுகளுக்குள் உள்ள ஒவ்வொரு உறவையும் நேருக்கு நேர் பார்க்க ஆசைப்பட்டார். 1992 டிசம்பரில் புணேயில் ஐயூகா வானியல் மையத்தின் அர்ப்பணிப்பு விழாவில் பேசியபோது, மோனே ஒரே வைக்கோற்போரை வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்பத் தீட்டிய ஓவியங்களைப் பொதுச் சார்பியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தேடியது என்ன என்பதற்கு அவரே கொடுத்த சாட்சி அது. கிரேக்கர் சாந்தோபுலோஸோடு மோதும் ஈர்ப்பலைகள், எண்பது வயதில் வலேரியா ஃபெராரியோடு விண்மீன் அதிர்வுகள் என்று கடைசிவரை நிறுத்தவில்லை. 1995 ஆகஸ்ட் 21 அன்று மறைந்தார்.

இருபது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த ஈர்ப்பலை, லைகோ உணர்கருவிகளில் பதிந்தது. சூரியனைப் போல் 36, 29 மடங்கு நிறையுள்ள இரு கருந்துளைகள் இணைந்து 62 ஆன ஓசை. மிச்சம் மூன்று சூரிய நிறை அலையாகப் போய்விட்டது. அதன் முதல் பாதியைப் படிக்க அடுக்கு அடுக்கான திருத்தங்கள் வேண்டும். பெங்களூர் பாலா ஐயரும் கூட்டாளிகளும் அந்த வரிசையை 1990-களில் வெகுதூரம் கொண்டுபோனார்கள். முடிவில் வரும் அடங்கலைப் படிக்க விஸ்வேஸ்வராவின், சந்திரசேகரின் சுருதிகள் வேண்டும். 2025 ஜனவரி 14 அன்று வந்த, இன்னும் தெளிவான அலையில் அந்தச் சுருதிகள் கெர் கருந்துளைக் கணக்கு சொன்னபடியே இருந்தன. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் கே.ஜி. அருண் போன்றவர்கள் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக அலைகளோடு ஒத்துப்பார்க்கும் வேலையைச் செய்துவருகிறார்கள்.

இயற்பியலோ கணிதமோ முதுகலை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ நூலின் நான்காம் அத்தியாயத்தை எடுத்துக் கொடுங்கள். கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும். படிகளைத் தாண்டாமல், இரண்டு தடைகளும் ஒன்றாகும் இடம்வரை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.