விடுபட்ட காண்டம்

சிறுசேரிக் கணினிக் கூடங்களில் பணிபுரியும் தோழர்களே! இராமகதையை இராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ வழியே அறிந்தோர் உங்களில் பலர். 1958-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நூல். நடை எளிது, இனிது, மறுக்கவில்லை நாம்.

ஆனால், முடிசூட்டு விழாவோடு கதை நின்றுவிடுகிறதே! சீதையைக் காட்டுக்கு அனுப்பிய செய்தியை உள்ளம் ஏற்கவில்லை என்கிறார் ஆசிரியர். மென்மையான உள்ளந்தான்! உத்தரகாண்டம் பிற்சேர்க்கை என்பாரும் உளர், இருக்கட்டும். தவஞ்செய்த சூத்திரன் சம்புகனின் தலை இராமன் வாளுக்கு இரையானதும் அக்காண்டத்தில்தானே? சீதையின் கண்ணீரோடு அந்தக் குருதியும் மறைந்தது.

1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் வகுத்தவரும் இவரே. நாடு கொதித்தது, 1954-இல் திட்டம் மாண்டது. சம்புகனை அறிந்த சிறுவன் அன்று என்ன கேட்டிருப்பான்?