புயலா, சூறாவளியா, சுழற்சியா?

‘சைக்ளோன்’ கடலோடிகளுக்காகவே பிறந்த சொல். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரித்துவந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848இல் வெளியிட்ட கைநூலில் அதை முன்வைத்தார். சக்கரத்தையும் வட்டத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். காற்று ஒரு மையத்தைச் சுற்றுகிறது என்ற அறிவையே அவர் பெயராக்கினார். அதற்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச் சொற்கள் அந்த அறிவைத் தருகின்றனவா?

கடலூர் மாவட்டத்தின் செம்மங்குப்பம் போன்ற ஊர்களுக்கு இது உயிர்க்கேள்வி. கிழக்கிலிருந்து புயல் நெருங்கும்போது இந்தக் கரையில் வாடைக்காற்று அடிக்கும். புயலின் கண் ஊரைக் கடக்கையில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு காற்று தெற்கிலிருந்து திரும்ப அறையும். சுழல்கிறது என்று அறிந்தவர் அந்த இடைவேளையை நம்பி வெளியே வரமாட்டார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்து, பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்த தானே புயலைக் கண்ட மாவட்டம் இது.

ஆகவே சொல்லுக்கு மூன்று தேர்வுகள்: கேட்டதும் ஆபத்து புரிய வேண்டும், சுழற்சி தெரிய வேண்டும், கிளைச்சொற்கள் பிறக்க இடம் வேண்டும்.

முதல் தேர்வில் ‘புயல்’ முழு வெற்றி. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் ஊரே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. ஆனால் பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்த அந்தச் சொல்லில் சுழற்சி இல்லை.

‘சூறாவளி’யில் சுழல்காற்று இருக்கிறது. 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்ததை இலங்கைத் தமிழர் சூறாவளி என்றே சொல்கிறார்கள். இங்கேயோ அதன் பொருள் பிளவுபட்டுவிட்டது. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் ‘சூறாவளிக் காற்று’ என்றால் திடீரென வலுத்து வீசும் காற்று. புவியியல் பாடத்தில் சூறாவளி என்றால் முழுப் புயல். ஒரே மாணவர் ஒரே சொல்லை இரண்டு அளவில் கற்கிறார். ‘எதிர்ச்சூறாவளி’ இன்னும் மோசம். அது குறிக்கும் உயரழுத்த மையத்தில் காற்று கீழிறங்கி, வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். பெயரோ பெருங்காற்றை நினைவூட்டுகிறது.

காற்று சுற்றும் திசையைக் கொண்டு இடஞ்சுழி, வலஞ்சுழி என்று பிரிக்கலாமே என்று தோன்றும். அழகான சொற்கள்தாம். ஆனால் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே திசை தலைகீழாகும், பெயர் பொய்யாகிவிடும்.

விடை வானிலை அறிக்கையிலேயே இருக்கிறது. ‘வளிமண்டல மேலடுக்கு சுழற்சி’ என்பதைக் கேட்டுப் பழகாத தமிழர் இல்லை. எந்தப் பாடநூலும் இவ்வளவு நுட்பமான சொல்லை இவ்வளவு பேரிடம் சேர்த்ததில்லை.

என் தீர்ப்பு இதுதான்: எச்சரிக்கைக்குப் ‘புயல்’ இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். வகுப்பறையில் அமைப்பை விளக்கச் ‘சுழற்சி’யே அடிச்சொல் ஆகட்டும், தாழழுத்தச் சுழற்சி, உயரழுத்தச் சுழற்சி என்று பிரித்தால் ‘எதிர்ச்சூறாவளி’ தேவையே இல்லை. ‘புயல் என்பது கடலில் வலுத்த தாழழுத்தச் சுழற்சி’ என்ற ஒரு வரியைப் பாடநூல் சேர்த்தால், காற்று ஏன் திரும்பி வரும் என்பதை மாணவரே சொல்லிவிடுவார்.