ஆங்கிலச் சோலையின் அமைதி

ஆங்கில நாட்டுச் சோலை என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழும் காட்சி யாது? மென்மையான வெயில், உதிர்ந்து கிடக்கும் இலைகள், எங்கோ ஒரு பறவையின் ஒலி, நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, அதில் தன்னந்தனியே உலவும் ஒரு கவிஞர். ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற நாம் அச்சோலையைக் கண்ணால் காணாமலே மனப்பாடமாக அறிவோம். அதில் பூக்கும் மலர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வோம். ஆனால் அங்குள்ள மரங்களை நட்டவன் யார், வெட்டியவன் யார், அவன் பெற்ற கூலி எவ்வளவு என்று கேட்பாராயின் விடை சொல்ல இயலாது. பாடநூலில் அவனுக்கு இடமில்லை.

அவனுக்கு இடமில்லாமற் போனதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். இலக்கியம் போற்றும் காட்டின் அமைதி பெரும்பாலும் இயற்கையின் அமைதியன்று. அங்கு உழைப்பவரின் குரலை நீக்கியபின் எஞ்சும் அமைதியே அது. இவ்வுண்மையை உணர்த்துதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு நூல் உண்டு. தாமஸ் ஹார்டி 1887 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி வுட்லாண்டர்ஸ்’ என்னும் நாவலே அது. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர் அதனைப் படித்தல் வேண்டும். ஆனால் அதன் முடிவை அப்படியே ஏற்றல் கூடாது என்பது நமது துணிபு.

முதலில் சோலையின் இயல்பைக் காண்போம். தென் இங்கிலாந்தின் பழங்காடுகள் பல மனிதன் கை படாதவை அல்ல. ஹேசல் போன்ற சிறுமரங்களை அடியோடு வெட்டுவர். சில ஆண்டுகளில் அடிக்கட்டையிலிருந்து கொம்புகள் நேராக வளரும். அவற்றை மீண்டும் வெட்டுவர். வேலிக்கும் கூரைக்கும் அடுப்புக்கரிக்கும் அக்கொம்புகள் பயன்பட்டன. வெட்டிய இடத்தில் வெயில் தரையைத் தொடும். அடுத்த வசந்தங்களில் அங்கே காட்டுப் பூக்கள் நிறைந்து மலரும். கவிஞர் வியந்த மலர்ப்பரப்பு, மரம்வெட்டியின் கோடரி திறந்துவிட்ட வெளிச்சத்தில் பூத்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

அவ்வுழைப்பாளி சோலைக்கு வந்து சேர்வதையே விரும்பாதோரும் இருந்தனர். ஏரி நாட்டின் பெருங்கவியாகிய வேர்ட்ஸ்வொர்த், 1844 ஆம் ஆண்டில் கெண்டலிலிருந்து விண்டர்மியர் பக்கம் இருப்புப்பாதை போடுவதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினால் அவ்விடத்தின் தனிமை கெடும்; அத்தகைய அழகைச் சுவைக்கப் பயிற்சி வேண்டும், அஃது அவர்களுக்கு இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஆட்டிடையரையும் ஏழை எளியவரையும் பாட்டுடைத் தலைவராக்கிய கவியன்றோ இவர்? பாட்டுக்குள் ஏழை வரலாம், ரயிலேறி வரலாகாது!

ஹார்டியின் நாவல் இங்கேதான் வேறுபடுகிறது. அதன் தொடக்கத்திலேயே ஓர் இளம்பெண் இரவில் கணப்பின் ஒளியில் அமர்ந்து வேலை செய்கிறாள். அவள் பெயர் மார்ட்டி சவுத். கூரை வேயும் வைக்கோலைப் பிடித்து நிறுத்தும் கூர்க்குச்சிகளை, நோயுற்ற தந்தைக்குப் பதிலாக அவள் சீவுகிறாள். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருக்கிறது. ஆயிரம் குச்சிக்குக் கூலி 18 பென்ஸ். ஒரு பகலும் பாதி இரவும் உழைத்தால் 1,500 குச்சி. அதாவது 27 பென்ஸ். அப்போது முடிதிருத்துவோன் ஒருவன் வந்து, காட்டின் உடைமைக்காரியான சார்மண்ட் சீமாட்டி சூடிக்கொள்வதற்காக அவள் கூந்தலை இரண்டு பவுனுக்கு விலை கேட்கிறான். செக்ரோல் எழுதிப் பழகிய நமது கை சும்மா இருக்குமா? இரண்டு பவுன் 480 பென்ஸ். ஏறத்தாழ பதினெட்டு நாள் உழைப்பு. அவள் தலையில் வளர்ந்தது அவள் கை ஈட்டுவதைவிட விலை கூடியது என்று ஹார்டி வாய்விட்டுச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் நம்முன் வைக்கிறார். இலக்கியத்தில் கூலிக்கணக்கு வருவது இழுக்கு என எண்ணுவோர் இவ்விடத்தை இருமுறை படிப்பாராக.

காட்டை உண்மையில் அறிந்தவர் யார் என்பதையும் இந்நூல் ஐயமறக் காட்டுகிறது. மார்ட்டியும், அவள் மனத்திற்குள் காதலிக்கும் ஜைல்ஸ் வின்டர்போர்னும் இருளிலே ஒலியைக் கொண்டே மரத்தை இன்னதென்று அறிவர். அவன் நட்ட கன்று பட்டுப்போவதில்லை. வசந்தத்தில் தோல் பதனிடுவதற்காக ஓக் மரத்தின் பட்டை உரிக்கும் வேலையில் மார்ட்டியின் கைத்திறனுக்கு நிகரில்லை. பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் நம்மவர் இப்பகுதியைப் படிக்கும்போது அயல்நாட்டுக் கதை என்னும் எண்ணமே எழாது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய படலத்தில் காயம் படாமல் கத்தியை ஓட்டும் கை நமது தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தது. கித்தா மரமும் ஒருவகையில் ஆங்கிலச் சோலை வழியாக வந்ததே. 1876 இல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டு சென்ற விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877 இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

இலையுதிர்காலத்தின் அழகு ஆங்கிலக் கவிதையின் ஒரு பெருஞ்செல்வம். மலாயாவில் அதனைக் காண விரும்பினால் பால்மரக் காட்டுக்குத்தான் செல்லவேண்டும். ஆண்டின் முதல் மாதங்களில் கித்தா இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும், கிளைகள் வெறுமையாகும், பின்னர்ப் பளபளக்கும் தளிர் விடும். பட்டணத்திலிருந்து வருபவர் அதனைப் படமெடுப்பர். பால்வெட்டிய குடும்பத்திற்கோ அது பால் குறையும் காலம், வருமானம் குறையும் காலம், கடையில் கடன் ஏறும் காலம். ஒரே உதிர்வு ஒருவனுக்குக் கவிதை, ஒருவனுக்குக் கடன். இரண்டையும் ஒருங்கே காணும் கண்ணே இலக்கியக் கண். ஹார்டியிடம் அது இருந்தது.

நாவலில் மற்றொரு நிகழ்ச்சி சீர்திருத்தக்காரராகிய நமக்குப் பாடமாவது. மார்ட்டியின் தந்தை தன் குடிலுக்கு முன் நிற்கும் எல்ம் மரம் தன்னைக் கொன்றுவிடும் என அஞ்சி நோயில் கிடக்கிறார். புதிதாக வந்த ஃபிட்ஸ்பியர்ஸ் வைத்தியர், மரத்தை வெட்டினால் அச்சம் ஒழியும் என்கிறார். வெட்டுகின்றனர். மரமில்லா வெளியைக் கண்ட கிழவர் அதிர்ந்து இறந்து போகிறார். அச்சத்தை வேரறுக்காமல் மரத்தை அறுப்பது பகுத்தறிவாகாது. லயத்து ஓரத்தில் முனீஸ்வரர் மரங்களைக் கண்டு ஏளனம் செய்வோர் இதனைச் சிந்திப்பாராக. இன்னொன்றும் உண்டு. அக்கிழவரின் ஆயுள் உள்ளவரை என்னும் உரிமையில் இருந்த ஜைல்ஸின் வீடுகள், அவர் இறந்ததும் சீமாட்டியின் வசமாகின்றன. வேலை போனதும் லயத்து வீட்டைக் காலி செய்து நின்ற குடும்பங்களுக்கு இதற்குப் பொழிப்புரை தேவையில்லை.

இத்துணை உண்மை கண்ட ஆசிரியரிடம் நமக்கு மாறுபாடு எங்கே? முடிவிலே. ஜைல்ஸ் தன் சிறு குடிலைக் காதலி கிரேஸுக்கு விட்டுக்கொடுத்து, மழையில் வெளியே கிடந்து மாள்கிறான். மார்ட்டி வாய்திறவாத தன் அன்போடு அவன் கல்லறையில் தனியே நிற்கிறாள். படிப்போர் கண்ணீர் விடுவர், நாமும் விட்டோம். ஆயினும் 18 பென்ஸ் 18 பென்ஸாகவே இருக்கிறது. கூந்தல் விற்றவளின் வறுமை, கதை முடிவில் தெய்விகப் பொறுமையாக மாறிவிடுகிறது. பெண்ணின் பொறுமையைப் போற்றிப் போற்றியே அவளை அடிமையாக வைத்த வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஆகவே இவ்வினிய நஞ்சைத் தமிழ் வாசகர் எளிதில் அருந்திவிடுவர் என்பதே நமது கவலை. ஹார்டி காட்டிலிருந்து உழைப்பாளியை நீக்கவில்லை, நிறுத்தினார். ஆனால் அவளை ஊமையாகவே நிறுத்தி, அவ்வூமைத்தன்மையை அழகாக்கினார்.

அமைதியான நாட்டுப்புறம் என்னும் ஆங்கில இலட்சியம் நூலோடு நின்றுவிடவில்லை; நமது ஊர்வரை வந்தது. தஞ்சோங் மாலிமில் 1922 இல் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரீஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தோட்ட வேலையும் கூடைமுடைதலும் முக்கியப் பாடங்களாயின. வின்ஸ்டெட் முதலிய கல்வி அதிகாரிகள், மலாய்ச் சிறுவர் நிலத்தைவிட்டு அகலாது அமைதியாக வாழ்தலே நலம் எனக் கருதினர். விளைந்தது யாது? அக்கல்லூரியே மலாய் எழுத்தின் உலைக்களமாயிற்று. அங்குப் பயின்ற இப்ராஹிம் யாக்கோப் 1938 இல் இளைஞர் இயக்கம் கண்டார். தமிழரும் ஊமையராக இருந்துவிடவில்லை. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், பத்திரிகையாளர் ஆர். எச். நாதனுடன் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டும் அவர் கேட்டதன்று. துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றனர். நாதன் நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கி வெடித்தது. உத்தியோகஸ்தர் என்ற அச்சொல்லில் கிராணிமாராகிய நாமும் அடங்குவோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று பெர்ணம் ஆற்றுப் பக்கத்திலும் வேறு பல இடங்களிலும் பால்மரம் அழிந்து செம்பனை ஓங்கிவிட்டது. லயங்கள் பல மறைந்தன. இனிப் பழைய தோட்டத்தை நினைந்து எழுதுவோர் பெருகுவர். பனிமூட்டமும் விடியற்காலைக் குளிரும் மரவரிசையின் நிழலும் அவ்வெழுத்துகளில் அழகாக வரும். வரட்டும், அவை பொய்யல்ல. ஆனால் பெரட்டுக் களத்தில் அழைத்த பெயர்களும், மழை நாளில் இல்லாமற் போன கூலியும், சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த காலும் அவற்றோடு வருதல் வேண்டும். இவை வாராதாயின், நமது காடும் ஆங்கிலப் பாடநூலின் சோலையாகிவிடும். நாம் அதன் பூக்களின் பெயரை மட்டும் ஒப்புவித்துக்கொண்டிருப்போம். தோழர்களே, மார்ட்டி சவுத்தைப் படியுங்கள். அவளுடைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய மௌனத்தை ஹார்டியிடமே விட்டுவிடுங்கள்.