இறுதிப் போர்வீரர் எவர்? சான்றும் சான்றின்மையும்

வரலாற்றுப் போர் ஒன்றில் பங்கேற்றோருள் இறுதியாக எஞ்சியிருந்தவர் எவர் என்னும் வினா, எளிதில் விடை காணத்தக்கது போலத் தோன்றும். ஆயின், அவ்வுரிமையை ஒருவர் கோரும் காலத்தில் அதனை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்ல தோழர் எவரும் உயிருடன் இருப்பதில்லை. சாட்சிகள் மறைந்த பின்னரே கோரிக்கை எழுகிறது என்பதே இச்சிக்கலின் வேர். அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861-1865) முன்வைத்து, இத்தகைய கோரிக்கைகளை ஆராயும் முறையின் வலிமையையும் எல்லையையும் இங்கு நோக்குவோம்.

1959 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில் மறைந்த வால்டர் வில்லியம்ஸ், தமக்கு வயது 117 என்றும் தாம் தென்மாநிலப் படையில் பணியாற்றியதாகவும் கூறிவந்தார். அவர் மறைவையொட்டி அதிபர் ஐசனோவர் தேசியத் துக்க நாள் அறிவித்தார். ஆயினும், அவர் உயிருடன் இருந்தபோதே லோவல் பிரிட்வெல் என்னும் செய்தியாளர் அக்கோரிக்கையை ஐயுற்று எழுதியிருந்தார். 1860ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வில்லியம்சை ஐந்து வயதுக் குழந்தையாகப் பதிவு செய்துள்ளது. அக்காலக் கணக்கெடுப்பில் ஓரிரண்டு ஆண்டுப் பிழை இயல்பே. பதினேழு வயது இளைஞரை ஐந்து வயதுக் குழந்தையாக எழுதும் பிழை இயல்பன்று. 1991இல் வில்லியம் மார்வெல் என்னும் வரலாற்றாசிரியர் இவ்வாய்வை விரிவாக்கி, தென்மாநிலத் தரப்பின் இறுதி வீரர்களாகப் போற்றப்பட்ட பன்னிருவரின் கோரிக்கைகளும் பொய்யானவை என முடிவு கண்டார்.

இம்முறையின் வலிமை, சான்று எழுதப்பட்ட சூழலைக் கருத்தில் கொள்வதில் உள்ளது. வில்லியம்ஸ் ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்தது 1932இல். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். ஓய்வூதிய விண்ணப்பம் காட்டும் வயது, தேவை கற்பித்த வயது. கணக்கெடுப்பு காட்டும் வயதோ, அதனால் எவருக்கும் ஊதியம் கிட்டாத நாளில் எழுதப்பட்ட வயது. இரண்டும் முரண்படுமிடத்துப் பின்னதையே ஏற்றல் தகும்.

எனினும், வயதும் பணியும் தனித்தனியே ஆராயத்தக்கவை என்பதை நாம் மறத்தலாகாது. வடமாநிலப் படையின் இறுதி வீரராகிய ஆல்பர்ட் வுல்சன் 1956இல் மறைந்தபோது அவருக்கு வயது 109 எனப்பட்டது. கணக்கெடுப்புச் சான்றின்படி அவர் வயது 106 ஆகும். வயது மிகைப்பட்டிருந்தும், 1864இல் அவர் முரசடிக்கும் சிறுவராகப் படையில் சேர்ந்தது உண்மையே. வயதைப் பொய்யெனக் கண்டு பணியையும் பொய்யெனத் தள்ளியிருப்பின், மெய்யான வீரரை நாம் இழந்திருப்போம்.

இம்முறையின் எல்லை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளர் பெயரின்கீழ் அவர்தம் வயது, பால், நிறம் ஆகியவை இடம்பெற்றன. மிகப் பெரும்பாலோர் பெயர் எழுதப்படவில்லை. 1971இல் மிசிசிப்பியில் மறைந்த சில்வெஸ்டர் மேகி, தாம் அடிமையாகப் பிறந்து அப்போரில் பங்கேற்றதாகக் கூறினார். தமக்கு வயது 130 என்றார். அவ்வயது நம்பற்கரியது, அவர் பங்கேற்புக்கு ஆவணமும் இல்லை. ஆயின் வில்லியம்சின் கூற்றை ஓர் ஆவணம் மறுக்கிறது. மேகியின் இளமையைப் பற்றியோ ஆவணமே பேசவில்லை. அம்மௌனம் மேகி உண்டாக்கியதன்று. அவரைப் பெயரற்ற உடைமையாக எண்ணிய அரசு உண்டாக்கியது. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் 'பொய்' எனச் சேர்ப்பது முறையான ஆய்வாகாது.

ஆதலின், உறுதியானவை, மறுக்கப்பட்டவை, முடிவு கூறவியலாதவை என மூவகையாகக் கோரிக்கைகளைப் பகுத்தலே தக்கது. மூன்றாம் வகையை மெய்யெனக் கொண்டாடுதலும் பொய்யென இகழ்தலும் ஒருங்கே தவறாகும். முரண்சான்று வேறு, சான்றின்மை வேறு. இவ்வேறுபாட்டை ஓராத ஆய்வு, ஆவணம் உடையோரின் வரலாற்றை மட்டுமே வரலாறு எனக் கொள்ளும் பிழைக்கு ஆளாகும்.