கேட்டதும் எழுதியதும்

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் வாழும் மலையாளி மக்களின் வாய்மொழியைத் தொகுக்கப் புகும் இளைய ஆய்வாளர்க்கு நாம் முதற்கண் கற்பிக்க வேண்டுவது யாது? கேட்டதைக் கேட்டவாறே எழுதும் மனத்திட்பம் என்க. (மலையாளி என்னும் பெயர் ஈண்டு மலைவாழ்நரைச் சுட்டுவது, கேரள நாட்டாரைக் குறியாது.)

இம்மக்கள் காஞ்சியினின்றும் போந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வழியில் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும் வழங்கும் கதையைத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிற் காணலாம். சொல்வோர்க்கு ஏற்பக் கதை வேறுபடும். புதிய ஆய்வாளரோ ஓரூரிற் கேட்டதனைப் பிறிதோர் ஊரிற் கேட்டதனோடு இசைத்து, அச்சில் உள்ளதனையும் கலந்து, 'செம்மையான' கதை ஒன்றனை ஆக்கிவிடுகின்றார். அஃது எவர் வாயிலும் வழங்காத கதை! தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் இம்மக்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர். அவர்தம் தோற்றம் பற்றிய குறிப்பு நாளை உரிமை வழக்கொன்றிற் சான்றாக நீட்டப்படலாம். ஆதலின் இதனைச் சிறு பிழை என ஒதுக்குதல் இயலாது.

இக்குறை பழையது. கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் திருக்குறளும் இடம்பெற்றுள்ளது! தாம் விரும்பியதனை மக்கள் பாட்டெனக் கொள்ளும் ஆர்வமே இதற்குக் காரணம் ஆகலாம். வ. உ. சிதம்பரனார் நன்னம்பிக்கையுடன் பதிப்பித்த இன்னிலையும் பின்னர்ப் போலிநூல் என அறிஞர் பலரால் விலக்கப்பட்டது. மூலச்சுவடியைப் பிறர் காண இயலாதவிடத்துப் பெரியோரும் ஏமாறுவர்.

மறுதலையாக, உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றை நோக்குவாம். 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. அவற்றின் இடம் வெறிதே நிற்கின்றது. சிதைந்த அடிகள் சிதைந்தவாறே அச்சேறின. நிரப்பும் புலமை அவர்க்கு இல்லையோ? இருந்தும் நிரப்பாமையே அப்பதிப்பின் பெருமை.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர்ப் பட்ட மாணவர்க்கு ஆய்வு நெறி பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கியது. புனைவு, திரிபு, கருத்துத்திருட்டு ஆகிய மூன்றையும் அது பேசுகின்றது. நன்று. ஆயின் 2018ஆம் ஆண்டு விதிகள் அளப்பது ஒப்புமை விழுக்காட்டையே. நூற்றுக்குப் பத்து வரை தண்டமில்லை. வத்தல்மலை மூதாட்டி ஒருவர் சொல்லாத அடியைச் சொன்னதாக எழுதினால் அவ்வளவைக் கருவி அதனை 'முற்றும் புதியது' என்றே காட்டும்!

ஆதலின் களஆய்வேட்டுடன் ஒலிப்பதிவும் அடித்தல் திருத்தலுடன் கூடிய முதற்குறிப்பேடும் ஒப்படைக்கப்படுதல் வேண்டும் எனக் கேட்கின்றோம். பாடியவர் இசைவும், ஊரும், நாளும், செவிக்கு எட்டாத சொல்லிற்கு இட்ட புள்ளியும் அவ்வேட்டில் இருத்தல் வேண்டும். நன்னடைப் படியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.